விருந்தாளிப் பறவை மேல் வீண் பழி!

‘பறவைக் காய்ச்சல்’ என்று பேப்பரில் ஒரு வரி வந்தால் போதும், மறுநாளே நம் வீடுகளில் மூன்று காரியங்கள் நடக்கும். குழந்தைக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்த முட்டை நின்றுவிடும். “ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை கறி வேணாம்” என்று சமையலறையிலிருந்து உத்தரவு வரும். மூன்றாவதாக, “எல்லாம் இந்த வெளிநாட்டுப் பறவைங்க கொண்டுவந்து விட்டது” என்று ஊர் ஏரியில் இறங்கியிருக்கும் பறவைகள் மேல் பழி விழும்.

முதல் இரண்டும் பயத்தில் செய்வது. நாலு வாரத்தில் பயம் தெளிந்துவிடும். மூன்றாவது இருக்கிறதே, அது தீர்ப்பு! அதுவும் விசாரணையே இல்லாமல் கொடுத்த தீர்ப்பு. இதனால் பறவைக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். திருடன் கொல்லைப்புறமாக வருகிறான் என்று தெரியாமல், வாசல் கதவை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோமே, நமக்கும்தான் நஷ்டம்.

உண்மையில் இந்த வழக்கில் விசாரணை நடந்திருக்கிறது. சாட்சி சொன்னது வேறு யாருமில்லை, வைரஸேதான்! செத்த கோழியிலிருந்தும், செத்த காட்டுப் பறவையிலிருந்தும் வைரஸை எடுத்து, அதன் ‘ஜீன்’களை, அதாவது மரபணுக்களை, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தச் சாட்சியத்தைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்த வைரஸ் கொலைகார வைரஸாக வளர்ந்தது நாம் கட்டிய பண்ணைகளிலும் சந்தைகளிலும். காட்டுப் பறவைகள் அதை நம்மிடமிருந்துதான் வாங்கிக்கொண்டன. ஆகவே பரிகாரமும் நம் பக்கம்தான் தொடங்க வேண்டும்.

எப்படி என்று பார்ப்போம்.

தப்பையும் சேர்த்துக் காப்பியடித்தால்...

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் எப்படி மாட்டிக்கொள்கிறான்? சரியான விடையால் அல்ல. அவன் செய்த அதே எழுத்துப் பிழையை இவனும் செய்திருப்பான். வாத்தியார் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்தால் போதும், குட்டு உடைந்துவிடும்.

வைரஸ் விஷயமும் அப்படித்தான். பறவைக் காய்ச்சல் வைரஸின் ஜீன் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரு உடலுக்குள் புகுந்ததும் அது தன்னைத்தானே லட்சக்கணக்கில் காப்பி எடுக்கிறது. அவசரத்தில் எழுதுவதால் நிறைய எழுத்துப் பிழைகள். அந்தப் பிழைகள் அடுத்தடுத்த தலைமுறைக்கும் போகும். ஆக, இரண்டு இடங்களில் கிடைத்த வைரஸில் ஒரே மாதிரிப் பிழைகள் இருந்தால் இரண்டும் ஒரே வம்சம். எது முந்தி, எது பிந்தி, எந்தக் கிளையிலிருந்து எது பிரிந்தது என்று வம்ச வரலாறே எழுதிவிடலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே வாத்தை இரண்டு விதமான வைரஸ்கள் ஒரே நேரத்தில் பிடித்தால், இதில் மூன்று துண்டு, அதில் ஐந்து துண்டு என்று கலந்து புதிதாக ஒன்று கிளம்பிவிடும். இரண்டு சீட்டுக்கட்டைக் கலந்து குலுக்குவது மாதிரி!

சாது எப்படிக் கொலைகாரன் ஆச்சு?

காட்டு வாத்துகளின் குடலில் பலவகை இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் தொன்றுதொட்டுக் குடியிருக்கின்றன. பெரும்பாலும் சாதுவானவை. வாத்துக்குத் தும்மல்கூட வராது. இந்தச் சாது வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் மேலுள்ள ஒரு புரதத்தை யாராவது ‘கத்தரித்து’ விட வேண்டும். அந்தக் கத்தரிக்கோல், அதாவது என்சைம், குடலிலும் மூச்சுக் குழாயிலும்தான் உண்டு. அதனால் வைரஸும் அங்கேயே நின்றுவிடும்.

கோழிக்குப் போன பிறகு சில சமயம் அந்த வெட்டுமிடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்புறம் உடம்பில் எங்கும் இருக்கிற சாதாரணக் கத்தரிக்கோலே போதும். மூளை, இதயம், ஈரல் என்று எல்லா இடத்துக்கும் வைரஸ் போய்விடும். ஓரிரு நாளில் பண்ணையே காலி.

இது பண்ணையில் ஏன் நடக்கிறது? காட்டில் ஒரு வைரஸ் தன்னைச் சுமக்கும் பறவையை உடனே கொன்றுவிட்டால், பறவையோடு அதன் கதையும் முடியும். பண்ணையிலோ ஒரே கூரையின் கீழ் பல்லாயிரம் கோழிகள். ஒரே ரகம், ஒரே வயசு. ஒன்று செத்தால் உரசிக்கொண்டு நிற்கும் அடுத்தது தயார். கொல்லும் வைரஸுக்கு இதைவிட வசதியான இடம் வேறு ஏது?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இது கண் முன்னால் நடந்தது. 1983 ஏப்ரலில் அங்கே கோழிகளுக்கு வந்தது லேசான சீக்குதான். அதே வைரஸ் பண்ணை பண்ணையாகச் சுற்றி, அக்டோபரில் கொத்துக் கொத்தாகக் கொல்ல ஆரம்பித்தது. கடைசியில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. யோஷிஹிரோ கவாவோகா, ராபர்ட் வெப்ஸ்டர் ஆகியோர் அடங்கிய குழு ஏப்ரல் வைரஸையும் அக்டோபர் வைரஸையும் ஒப்பிட்டது. ஜீனில் மாறியிருந்தவை ஒரு சில எழுத்துகளே! வெட்டுமிடத்தை மறைத்துக்கொண்டிருந்த ஒரு சர்க்கரைத் துணுக்கு அதனால் விலகிப்போயிருந்தது. ஆறே மாதத்தில் சாது, கொலைகாரன்.

சிங்ஹாய் ஏரி சொன்ன சேதி

இன்று உலகையே ஆட்டிவைக்கும் எச்5என்1 வைரஸின் வம்சத்தைத் தோண்டிக்கொண்டே போனால் நாம் போய் நிற்கும் இடம் ஒரு வாத்துப் பண்ணை. தென் சீனாவில் குவாங்டாங் மாகாணம், 1996. மறு வருஷமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். நோயாளிகளிடம் எடுத்த வைரஸின் எட்டுத் துண்டுகளும் பறவை வைரஸின் துண்டுகள்தான் என்று ஜீன் பரிசோதனை காட்டியது. உயிர்க்கோழி விற்கும் சந்தைகளில் அந்த வைரஸ் புரண்டுகொண்டிருந்தது. டிசம்பரில் ஹாங்காங் அரசு, ஊரிலிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தது.

அப்போதும் காட்டுப் பறவைகள் பெரிதாகச் சாகவில்லை. 2003, 2004-ல் வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேஷியா என்று பண்ணைகள் பற்றி எரிந்தன. 2005 மே மாதத்தில்தான் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் அந்தக் கொடுமை நடந்தது. வரித்தலை வாத்து, கடற்காகம், நீர்க்காகம் என்று 6,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து மிதந்தன.

செத்த பறவைகளின் வைரஸைப் படித்தார்கள். அதன் உறவுக்காரர்கள் தென் சீனாவின் கோழி, வாத்து வைரஸ்கள்! ஒன்பது வருஷம் பண்ணையிலும் சந்தையிலும் வளர்ந்த சீக்கு, கடைசியில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த வரித்தலை வாத்து நமக்கு அந்நியமில்லை. இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்து, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை குளிர்காலத்தில் இறங்குகிற அதே விருந்தாளிதான்.

வானத்தில் வரவில்லை, வண்டியில் வந்தது!

2007 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு வான்கோழிப் பண்ணையில் எச்5என்1 புகுந்தது. சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் வான்கோழிகளை அழித்தார்கள். உடனே எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். “காட்டுப் பறவைதான்” என்று பேச்சு.

ஜீன் பரிசோதனை முடிவு வந்தது. பண்ணையில் கிடைத்த வைரஸும், அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஹங்கேரி நாட்டு வாத்துப் பண்ணையில் கிடைத்த வைரஸும் 99.96 சதவிகிதம் ஒன்று! அந்த இங்கிலாந்துப் பண்ணைக்குப் பக்கத்திலேயே இறைச்சி பதப்படுத்தும் ஆலை. ஹங்கேரியிலிருந்து அங்கே வான்கோழி இறைச்சி வந்துகொண்டிருந்தது. அந்த இறைச்சி வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அரசு விசாரணை முடிவு செய்தது. அந்த ஜீனைப் படிக்காமல் விட்டிருந்தால், பழி பறவை மேலேயே நின்றிருக்கும். இறைச்சி வண்டியும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

அப்போ, பறவைகளுக்குச் சம்பந்தமே இல்லையா?

உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஒரு முறை காட்டுப் பறவைக்குள் போன வைரஸ் அங்கேயும் பழகிக்கொண்டது. குறிப்பாக 2020-க்குப் பிறகு வந்த கிளை, காட்டுப் பறவைகளிலேயே வருஷம் முழுக்க வாழக் கற்றுக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்த வைரஸ் 2021-ல் கடல் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட் தீவுக்குப் போனதை ஜீன்தான் காட்டிக்கொடுத்தது. 2022-ல் தென் அமெரிக்கா. பெரு நாட்டுக் கடற்கரையில் பெலிக்கன் பறவைகளும் கடல் சிங்கங்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2023 அக்டோபரில் அன்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஜார்ஜியா தீவையும் தொட்டுவிட்டது.

ஆக, பறவை இன்று நோயைச் சுமக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் முதலில் அதன் முதுகில் மூட்டையை ஏற்றியது யார்?

“சரி சார், யார் ஏத்துனா என்ன? இப்ப விரட்டிட வேண்டியதுதானே!” என்று கேட்கலாம். கூடவே கூடாது. ஏரியில் வெடி போட்டு விரட்டினால் நோயுள்ள பறவைகளும் நாலாபக்கமும் சிதறி, நாலு புது ஏரிகளில் இறங்கும். நோயைப் பரப்ப நாமே வழி செய்த மாதிரி ஆகிவிடும். காட்டுப் பறவைகளைக் கொல்வது இதற்கு மருந்தல்ல என்று ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் சொல்லியிருக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பறவைகள் பயந்துவிடக் கூடாதே என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அன்பினால் வந்த அந்தப் பழக்கம், சுகாதாரக் கணக்குப்படியும் சரியாகத்தான் இருக்கிறது!

ஒரே மாதம், இரண்டு வைரஸ்

நம் நாட்டுக்கு இந்த நோய் முதலில் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில். பிறகு பல முறை வந்துபோய்விட்டது. இதில் 2021 ஜனவரியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். இமாசலப் பிரதேசத்தின் பாங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அதே சமயம் கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வளர்ப்பு வாத்துகள் செத்தன. இரண்டு செய்தியும் ஒரே நாள் பேப்பரில். யாருக்கும் என்ன தோன்றும்? “அங்கேயிருந்து பறந்து வந்து இங்கே கொடுத்துருச்சு!”

போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் பரிசோதித்துச் சொன்னது: இமாசலத்தில் எச்5என்1. கேரளாவில் எச்5என்8! இரண்டும் வேறு வேறு வைரஸ். இமாசல வாத்து கேரளாவுக்குக் கொடுத்தது என்ற கதை, ஒரே பரிசோதனையில் பொய்த்துப்போனது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? கேரளாவில் வாத்து செத்தால் நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளுக்கு மருந்து அடிக்கிறார்கள். நாமக்கல்லில் முட்டை தேங்குகிறது. ஏழைப் பிள்ளைகளின் சத்துணவில் போடுவதும் நடுத்தரக் குடும்பம் நம்பியிருப்பதும் அந்த முட்டையைத்தான். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அதே விலைக்கு அத்தனை நல்ல புரதம் வேறு எதில் கிடைக்கிறது? பீதியில் இதை நிறுத்தினால் முதலில் இளைப்பது நம் வீட்டுக் குழந்தைதான்.

மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதையும் ஜீன்தான் முன்கூட்டிச் சொல்ல முடியும். கோழியின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல். நம் மூக்கிலோ 33 டிகிரிதான். பறவை வைரஸுக்கு இந்தக் ‘குளிர்’ ஒத்துக்கொள்ளாது. ஆனால் ‘பிபி2’ என்ற ஜீனில் ஒரு இடத்தில் ஏற்படும் மாற்றம் அதைத் தாங்கிக்கொள்ள வழி செய்கிறது. உலகெங்கும் கூர்ந்து கவனிக்கிற மாற்றங்களில் இது ஒன்று. 2003-லிருந்து இதுவரை உலகில் 900-க்கு மேற்பட்டோரை எச்5என்1 தாக்கியிருக்கிறது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. நம் நாட்டில் 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் டெல்லியில் இறந்தான். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் சக்தி இன்னும் வரவில்லை என்பதுதான் ஆறுதல். அது வருகிறதா என்று காவல் காக்க வேண்டாமா?

பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்?

இங்கேதான் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. 2006-ல் இத்தாலியைச் சேர்ந்த கால்நடை விஞ்ஞானி இலாரியா கபுவா, நைஜீரியாவில் கிடைத்த எச்5என்1 வைரஸின் ஜீனைப் படித்து முடித்தார். சில ஆய்வகங்கள் மட்டும் பார்க்கக்கூடிய பூட்டிய பெட்டகத்தில் அதைப் போடும்படி அவரிடம் சொன்னார்கள். அந்த அம்மாள் மறுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் வைத்தார். மற்ற விஞ்ஞானிகளையும் அப்படியே செய்யச் சொன்னார். ஜீன் தகவலை உலக நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று பிறகு உருவானதற்கு அவருடைய துணிச்சலும் ஒரு காரணம்.

அப்படித் திறந்து வைத்ததன் பலனைப் பாருங்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே எச்5என்1 வந்துவிட்டது! ஜீனை ஒப்பிட்டதில், 2023 கடைசியில் பறவையிடமிருந்து ஒரே ஒரு முறைதான் மாட்டுக்குத் தாவியது, அதன் பின் மாட்டிலிருந்து மாட்டுக்கே பரவியது என்று தெரிந்தது. மாடுகளை ஊர் விட்டு ஊர் ஏற்றிப் போனதும், கறவை இயந்திரங்களும் கைகொடுத்திருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் பாதிக்கப்பட்டன. 2025-ல் நெவாடா மாநிலத்து மாடுகளில் கிடைத்தது வேறு வகை. பறவையிடமிருந்து இன்னொரு தடவை வந்தது அது என்பதையும் ஜீனே சொன்னது. எப்போது பறவை காரணம், எப்போது நாம் காரணம் என்று பாரபட்சமில்லாமல் சொல்லும் சாட்சி இது.

நம் நாட்டிலும் ஒவ்வொரு தடவை நோய் வரும்போது ஜீன் பரிசோதனை முடிவை, அது எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்தோடு, ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் சீக்கிரமே வெளியிட வேண்டும். பறவைகள் செத்த பிறகு ஓடாமல், ஏரிகளிலும் சந்தைகளிலும் வருஷம் முழுக்க எச்சத்தைச் சேகரித்துப் பார்க்க வேண்டும். பண்ணை வைத்திருப்பவர், “சொன்னா நம்ம கோழியைத்தானே அழிப்பாங்க” என்று மறைக்காதபடி, நஷ்ட ஈடு கைக்கு உடனே கிடைக்க வேண்டும். பண்ணைக்குள் வேற்று ஆள், வேற்று வண்டி, பறவைகள் புழங்கும் குட்டைத் தண்ணீர் எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்வது பண்ணையாளர்களின் பொறுப்பு. இவை பறவையை விரட்டுவதைவிடக் கஷ்டமான வேலைகள்தான். ஆனால் இவைதான் பலன் தரும்.

நம் வீட்டுப் பங்கு

* முட்டையை நிறுத்தாதீர்கள். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேகவைத்துக் கொடுங்கள். 70 டிகிரி சூட்டில் வைரஸ் செத்துவிடும். கொதிக்கும் குழம்பு அதையும் தாண்டியது. சுற்றுவட்டாரத்தில் நோய் இருக்கும்போது ஆஃப்பாயில், பச்சை முட்டை மட்டும் வேண்டாம்.

* பச்சைக் கறியைக் குழாயடியில் பிடித்துத் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு நிதானமாகக் கழுவுங்கள். கறி நறுக்கிய பலகையில் வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* சமைக்கும் இடத்தில் பச்சைக் கறி குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. 2025 மார்ச்சில் ஆந்திராவில் எச்5என்1 தாக்கி 2 வயதுக் குழந்தை இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டை அது தின்றதாகக் குடும்பத்தார் கூறியதாகச் செய்திகள் வந்தன.

* பூனைக்குப் பச்சைக் கோழிக்கறி போடாதீர்கள். பூனை இனத்தை இந்த வைரஸ் எளிதில் கொன்றுவிடும். நாக்பூர் அருகே உள்ள வனவிலங்கு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதற்குப் பலியானது 2025 ஜனவரியில் உறுதியானது.

* பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் பாட்டி காலத்துப் பழக்கம் இந்த விஷயத்திலும் நல்ல காவல். விடாதீர்கள்.

* மொட்டை மாடியில் காக்கையோ புறாவோ செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நாலைந்து சேர்ந்து செத்துக் கிடந்தால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஜீன் பரிசோதனைக்கு முதல் சாட்சியமே அந்தக் காக்கையாக இருக்கலாம்.

* கோழி, வாத்தோடு பழகிய பிறகு கண் சிவந்து, காய்ச்சலும் இருமலும் வந்தால் தானாகச் சரியாகும் என்று இருக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது கோழியோடு பழகியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பறவைகளுக்கு எல்லைக்கோடும் தெரியாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. வருஷா வருஷம் நம்மை நம்பி வருகின்றன. வரும் வழியில் நம்முடைய சீக்கை அவற்றின் தலையில் கட்டிவிட்டு, “நீதான் கொண்டுவந்தாய்” என்று கல்லெடுப்பது நியாயமில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு, நம் கூண்டையும் சந்தையையும் சமையலறையையும் சுத்தம் பண்ணுவோம். பறவையும் பிழைக்கும், நம் பிள்ளைகளும் பிழைக்கும்.